லாக்புக்கில் ஒரே மை
(மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் படிச்சவன், நர்சிங் படிப்பைப் பத்தி என்னடா பேசப்போறே?" என்று காலையிலேயே ஒரு நண்பன் கேட்டுவிட்டான். நியாயமான கேள்விதான். நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவன். 1994-ல் தொடங்கிய நாக் அமைப்பின் அங்கீகாரம் பெறும் கல்லூரிகளில் உள்தர உறுதிக் குழு என்று ஒன்று உண்டு. அதில் தொழில்துறையிலிருந்தும் ஆள் வைப்பார்கள். அப்படித்தான் ஒரு நர்சிங் கல்லூரிக் குழுவில் என் பெயர் சேர்ந்தது.

முதல் கூட்டம் முழுக்க ஃபைல்தான். நான்காண்டு பட்டப்படிப்பு, பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர், எல்லாம் கணக்குப்படி சரி. சும்மா ஒரு மாணவியின் லாக்புக்கைப் புரட்டினேன். ஊசி போட்டது, வென்ஃப்ளான் செருகியது, ஒவ்வொன்றும் ஐந்து முறை. தேதிகள் வேறு; மை ஒன்று, கையெழுத்தின் சாய்வும் ஒன்று. எங்கள் தொழிற்சாலையில் ரீடிங் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால், கேஜை எடுத்தாயா இல்லையா என்றுதான் முதலில் கேட்போம். அன்று நான் கேட்கவில்லை. மீட்டிங் நோட்டில் கையெழுத்துப் போட்டேன், டீ குடித்தேன், வந்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்து அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண், நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினாள். கை நடுங்கியது. "காலேஜ்ல பொம்மைக் கையிலதான் சார் பழகினோம், அதுவும் ரெண்டு தடவை" என்றாள். அப்பா அவளிடம், "பரவாயில்லம்மா, மெதுவா குத்து" என்றார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் வேறு கல்லூரிதான். இருந்தாலும் அவளுக்கும் எங்கோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார் அல்லவா?

அடுத்த கூட்டத்தில் லாக்புக்கை எடுத்து வைத்தேன். "இன்ஸ்பெக்ஷன் வர்ற நேரத்துல இதெல்லாம் எதுக்கு சார்?" என்று முகம் சுளித்தார்கள். ஒரு மூத்த ஆசிரியை மட்டும் மெல்லச் சொன்னார்: "வார்டுல நிக்க வேண்டிய நாங்க, தர ஃபைல் டைப் அடிச்சுக்கிட்டு இருக்கோம்." இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்!

அந்த அம்மா முயற்சியால்தான் ஆஸ்கி தேர்வை ஒத்திகையாக நடத்தினோம். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியரும் சகாக்களும் 1975-ல் வெளியிட்ட முறை அது. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, மணி அடித்தால் அடுத்த மேசை. எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே மதிப்பெண் பட்டியல். நம்ம அசெம்பிளி லைன் மாதிரியேதான். லாக்புக் நிறைந்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் முதல் மேசையிலேயே கை கழுவ மறந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது வார்டுக்குச் சிறு குழுவாகப் போகிறார்கள். செய்வதை நேரில் பார்த்த ஆசிரியர் அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். சில லாக்புக்கில் பாதிப் பக்கம் காலி. நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு என்னைக் குழுவில் வைத்துக்கொள்வார்களா என்பதும் சந்தேகம்தான். வரும் வியாழக்கிழமை கூட்டம் இருக்கிறது. அந்தக் காலிப் பக்கங்களோடுதான் போகிறேன்.

தலைவர் மணியைப் பார்க்கிறார்.