ஒலி அலையும் உறைந்த இரத்தமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"டாக்டர், மருந்துச் சீட்டு மாதிரி இல்லாம, புரியற மாதிரி பேசுங்க" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். முயன்று பார்க்கிறேன்.

காலின் ஆழத்தில் ஓடும் சிரைகளில் சில சமயம் இரத்தம் உறைந்துவிடும். ஆபரேஷன் முடிந்து படுத்தே கிடப்பவர், பிள்ளை பெற்ற தாய், புற்றுநோயாளி, இரவெல்லாம் பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டு வருபவர் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மேலே போய் நுரையீரல் தமனியை அடைத்தால் மூச்சுத் திணறும். அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே இதயத்தின் வலது பக்கம் வீங்கிவிடும்.

கட்டியைக் கரைக்கும் மருந்து புதிதல்ல. ஸ்ட்ரெப்டோகைனேஸ் 1933-லேயே தெரிந்த சரக்கு. இன்று ஆல்டிப்ளேஸ் என்ற மருந்தைக் கை நரம்பு வழியாக 2 மணி நேரத்தில் 100 மில்லிகிராம் ஏற்றுகிறோம். ஆனால் எந்த இடத்தில் கரைக்க வேண்டும், எந்த இடத்தில் கூடாது என்பது மருந்துக்குத் தெரியாது. இதே வகையைச் சேர்ந்த டெனெக்டிப்ளேஸை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. மருந்து பெற்ற 506 பேரில் 10 பேருக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. உயிரைக் காக்கப் போய் இப்படி ஆனால் யார் பொறுப்பது?

ஆகவே மருந்தைக் கட்டி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனால் என்ன என்று யோசித்தார்கள். தொடைச் சிரை வழியாக, 2 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு குழாயை நுரையீரல் தமனி வரை செலுத்துகிறார்கள். இயற்பியல் படித்தவர்கள் இப்போது நிமிர்ந்து உட்காரலாம்! அந்தக் குழாய்க்குள் நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும் சிறு கருவிகள் வரிசையாக இருக்கின்றன. சிறுநீரகக் கல்லை உடைப்பது போல இந்த ஒலி கட்டியை உடைப்பதில்லை. உறைந்த இரத்தம் ஃபைப்ரின் என்ற நாரால் பின்னிய வலை. ஒலி அந்த நார்களைத் தளர்த்துகிறது, மருந்து உள்ளே இறங்குகிறது. துணியைச் சோப்புத் தண்ணியில் சும்மா ஊறப்போடுவதற்கும் அலசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 59 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு நுரையீரலுக்கு 10 மில்லிகிராம் வீதம் 15 மணி நேரம் கொடுத்தார்கள். ஹெபாரின் மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு 24 மணி நேரத்தில் இதய வீக்கம் நன்றாகக் குறைந்தது. பெரிய இரத்தக்கசிவு ஒருவருக்கும் இல்லை. இதுவும் 2014-இல் வெளிவந்ததுதான்.

இதோடு நிறுத்தினால் விளம்பரம் ஆகிவிடும். 2021-இல் அமெரிக்காவில் 81 பேரிடம் ஒலிக் குழாயையும் சாதாரணக் குழாயையும் ஒப்பிட்டார்கள். கட்டி கரைந்த அளவில் வித்தியாசமே இல்லை! ஆக, விலை உயர்ந்த குழாய் இல்லையே என்று யாரும் கலங்க வேண்டாம். இரத்த அழுத்தம் சரியாக இருக்கிற பெரும்பாலோருக்கு எந்தக் குழாயும் தேவைப்படாது. ஹெபாரின் ஊசியும் மாத்திரையும் போதும். அழுத்தம் விழுந்துவிட்டவருக்கோ குழாய்க்குக் காத்திருக்க நேரம் கிடையாது, கை நரம்பிலேயே மருந்து ஏற்றிவிட வேண்டும்.

நம் ஊரில் நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் "சுளுக்கு" என்று சொல்லி எண்ணெய் போட்டு நீவிவிடுகிறோம். நீவினால் கட்டி நகர்ந்துவிடலாம். கிரிவலம் 14 கிலோமீட்டர் நடந்தவருக்கு இரண்டு காலும் லேசாக வீங்குவது வேறு. (நடை நல்லதுதான், கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும்.) ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். அதுவும் ஒலி அலைதான். குழாயும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஸ்கேன் சென்டருக்குப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஹெபாரினை இங்கேயே தொடங்கிவிட்டால், வேலூருக்கோ சென்னைக்கோ அனுப்புவதைப் பிறகு யோசிக்கலாம்.

கேள்விகள் இருந்தால் டீ இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.