கழிவுநீரில் மருந்தும் கதிரொளியும்



சித்தூரை அடுத்து ஓடும் நீவா நதியே தமிழகம் புகுந்து, பொன்னையாறு எனப் பெயர் பெற்றுப் பாலாற்றில் கலக்கின்றது. ஆதலின் நாம் இங்கே சாக்கடையில் விடுவது, மழைக்காலத்தில் நம் உற்றார் ஊர்களை நோக்கிச் செல்வதாகும். அக்கழிவில் கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைப் பற்றியே யாம் இன்று கூறப் புகுகின்றோம்.

நாம் உண்ணும் மருந்து முழுதும் உடலில் தங்குவதில்லை. ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறுகின்றது. கழிவுநீர் நிலையங்களில் வளரும் நுண்ணுயிர்கள் எல்லா மருந்துகளையும் சிதைக்க வல்லன அல்ல. அன்று ஆந்திரத்திலும் இன்று தெலுங்கானாவிலும் உள்ள பட்டான்செருவில், ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவை ஏற்ற பொது நிலையத்து நீரை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் சோதித்து 2007-இல் வெளியிட்டனர். சிப்ரோஃப்ளாக்ஸஸின் என்னும் மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அம்மருந்தை உண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதினும் இது மிகுதி. அதுவும் சுத்திகரித்த பின்னர்! இத்தகைய நீரில் பழகிய கிருமிகள் பிறகு அம்மருந்துக்கு அடங்கமாட்டா என்பதே அச்சம்.

இதற்கொரு வழி ஒளி. டைட்டேனியம் டை ஆக்ஸைடின்மேல் ஒளி பட்டால் நீர் பிரியும் என்பதை 1972-இல் ஜப்பானியரான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினர். பின்வந்தோர் அதனையே அழுக்கை அழிக்கக் கையாண்டனர். வெள்ளை வர்ணத்தில் சேரும் பொருளே அது. அதன் தாது மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் கிடைக்கின்றது. ஊதாக்கடந்த கதிர் பட்டதும் அதில் எலெக்ட்ரான் இடம் பெயர்கின்றது. நீரிலிருந்து ஹைட்ராக்ஸில் என்னும் தீவிரக் கூறு தோன்றி, மருந்தின் மூலக்கூறுகளைத் துண்டாடுகின்றது. தூளோ செலவாவதில்லை.

ஆயின் அளவறிதலே அரிது. தூள் குறைந்தால் வேலை நடவாது. மிகுந்தால் நீர் பால்போலாகி, ரயிலடியில் பின்வரிசையில் நிற்பார்க்கு வண்டி தெரியாததுபோல, உள்ளிருக்கும் தூளுக்கு ஒளி எட்டாது. நீரின் புளிப்பு காரத் தன்மையைப் பொறுத்தே மருந்து தூளில் ஒட்டும், அல்லது விலகும். சூரியவொளியில் ஊதாக்கடந்த பகுதியோ நூற்றுக்கு 5 பங்களவே. போதாக்குறைக்கு, மற்ற அழுக்குகள் முந்திக்கொண்டு அத்தீவிரக் கூறுகளை விழுங்கிவிடுகின்றன. மருந்து மறைந்தாலும் போதாது. உடைந்த துண்டுகள் தீங்கற்றவைதாமா என்றும் நோக்கல் வேண்டும்.

ஆதலின் ஊர்ச்சாக்கடை முழுமைக்கும் இதனை அமைப்பது வீண் செலவென்பது எம் கருத்து. மருத்துவமனையிலேயே வழக்கமான முறையில் அழுக்கு நீக்கி, பின்னர் ஆழமில்லாத தொட்டியில் வெயில் காட்டுவதே தகும். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை! திருப்பதியில் 2015-இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் உண்டு. நம் மருத்துவமனைக் கழிவுநீரைச் சோதித்து, தூளின் அளவும் நேரமும் கண்டு தருமாறு வேண்டும் விண்ணப்பம் ஒன்றைத் தமிழிலும் தெலுங்கிலும் வரைந்து, வாயில் மேசைமீது வைத்துள்ளோம். அன்பர்கள் கையொப்பமிட்டுச் செல்க.