பிரதித் தளத்தில் வரிசையைக் காப்பது யார்?



மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில், மூலத் தரவுத்தளத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் பைனரி லாக் என்னும் பதிவில் வரிசையாக ஏறுகிறது. பிரதித் தளம் அதை வாங்கித் தன்னிடம் மறுபடி நடத்துகிறது. மூலத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஒரே நேரத்தில் எழுதும். பிரதியிலோ நெடுங்காலம் ஒற்றை இழைதான் (த்ரெட்) எழுதியது. பிரதி பின்தங்கியதில் வியப்பில்லை. பல இழைகளை இணையாக ஓட்டுவதே தீர்வு. அந்த வசதியைப் பயனரிடம் எந்த செட்டிங்குகளாகத் தருவது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். வடிவமைப்பின் கடினமான பகுதி அதுவே என்பது என் துணிபு.

2013-இல் வந்த மைஎஸ்கியூஎல் 5.6 ஓர் எண்ணைக் கேட்டது: எத்தனை வொர்க்கர் இழைகள் வேண்டும்? ஒரே சர்வரில் தரவுத்தளங்கள் பல இருந்தால்தான் அந்த எண்ணால் பயன். ஒரே தரவுத்தளத்துக்குள் நடப்பவை முன்போலவே ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தன. ஆர்டர்கள் ஒரு தரவுத்தளத்திலும் பில்கள் இன்னொன்றிலும் இருப்பதாகக் கொள்வோம். மூலத்தில் முதலில் ஆர்டர் பதிவாகிறது, பிறகு பில். பிரதியில் ஆர்டரை எழுதும் இழை சற்றே தாமதித்தால் பில் முந்திக்கொள்ளும். அந்த நொடியில் பிரதியிலிருந்து ரிப்போர்ட் எடுப்பவர், ஆர்டரே இல்லாத பில்லைப் பார்க்கிறார். மூலத்தில் அப்படி ஒரு நிலை இருந்ததே இல்லை! வேகம் வேண்டி எண்ணை 4 ஆக்கிய நிர்வாகி, வரிசையையும் சேர்த்து விட்டுக்கொடுத்திருக்கிறார். அதற்குச் சம்மதமா என்று அவரை எவரும் கேட்கவில்லை. 5.7-இல் கமிட் வரிசையை, அதாவது பரிவர்த்தனைகள் (டிரான்சாக்ஷன்கள்) மூலத்தில் உறுதியான அதே வரிசையை, காக்கத் தனி செட்டிங் வந்தது, ஆனால் இயல்பாக அணைந்தே இருந்தது. 8.0.27-இல்தான் அது இயல்பாகவே இயங்கத் தொடங்கியது.

மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபியில் அதன் பொறியாளர் கிறிஸ்டியன் நீல்சன் எடுத்த வழி எனக்குப் பெரிதும் உகந்தது. 10.1 பதிப்பில் ‘கன்சர்வேட்டிவ்’, ‘ஆப்டிமிஸ்டிக்’ போன்ற முறைகள் வந்தன. மூலத்தில் ஒன்றாகக் கமிட் ஆனவற்றை மட்டும் இணையாக ஓட்டுவது முதலாவது. இரண்டாவது துணிந்து ஓட்டும். மோதினால் பிந்தைய பரிவர்த்தனையைத் திரும்பப் பெற்று மீண்டும் நடத்தும். எதைத் தேர்ந்தாலும் கமிட் வரிசை குலையாது. மோதல் வந்தால் நேரம்தான் வீணாகும், தரவு பிழைபடாது. வரிசை தேவையில்லை என்றால், பயன்பாட்டை எழுதியவரே அந்தப் பரிவர்த்தனைகளுக்கு வேறு ஜிடிஐடி டொமைன் எண் (பரிவர்த்தனையின் அடையாளத்தில் அதன் தொகுதியைக் குறிக்கும் எண்) கொடுத்து அந்த விலக்கைக் கேட்டுப் பெற வேண்டும். தன் தரவில் எவை ஒன்றையொன்று சாராதவை என்று அறிந்தவர் அவர்தானே!

மரியாடிபியிலும் ஒரு குறை உண்டு. 10.5 முதல் ‘ஆப்டிமிஸ்டிக்’ இயல்பான முறையாயிற்று. இழைகளின் எண்ணிக்கையோ இயல்பாக 0. எண்ணை மாற்றாதவரை எதுவும் இணையாக ஓடாது.

மைஎஸ்கியூஎல் பிற்பாடு, பரிவர்த்தனைகளின் சார்பைக் கணிக்க மூன்று முறைகளை வைத்து, தேர்வை நிர்வாகியிடம் விட்டது. 2024-இல் வந்த 8.4 அந்த செட்டிங்கையே நீக்கியது. மாற்றப்படும் அட்டவணை வரிகளின் சாவிகளைக் கொண்டு சர்வரே கணித்துக்கொள்கிறது. இதை முழுமனத்தோடு வரவேற்கிறேன். சர்வர் தானே கண்டறியக்கூடியதை நிர்வாகியின் தலையில் கட்டுவது முறையல்ல.

மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் ஒரு மென்பொருளில் புதிய செட்டிங் சேர்க்கும்போது, அதை மாற்றுபவர் எதை இழக்கக்கூடும் என்பதை அதன் விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.