நிறமும் விளம்பரமும்

(நமது சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளம்பரங்களும் சினிமாவும் கைத்தொலைபேசியும் நம் இளைஞர்க்கும் யுவதிகளுக்கும் தத்தம் உடலைப்பற்றி எத்தகைய எண்ணத்தை ஊட்டுகின்றன என்பதுபற்றிச் சில சொல்லுமாறு இச்சபையார் எம்மைப் பணித்தார்கள். விஷயமோ பரந்தது. பருமன், மெலிவு, உயரம், கூந்தல் என்று ஒவ்வொன்றாய் எடுத்துரைக்கப் புகின் பொழுது போதாது. ஆதலின், நம் வீடுகளில் நாள்தோறும் பேச்சில் அடிபடும் ஒன்றையே, அதாவது மேனியின் நிறத்தையே, ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

1975-ஆம் வருஷத்தில் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியார் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சை நம் தேசத்தில் வெளியிட்டார்கள். அதன்பின் இவ்வகைப் பூச்சுக்களுக்காக வந்த விளம்பரக் கதைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. கறுத்த பெண்ணொருத்தி இருப்பாள். பெண் பார்க்க வந்தவர் மறுப்பர், அன்றேல் உத்தியோகம் கிட்டாது. அவள் பூச்சைத் தடவுவாள். சில வாரங்களில் நிறம் வெளுக்கும். வரனும் உத்தியோகமும் வாயிலில் வந்து காத்து நிற்கும். ஒரு விளம்பரத்தில், தமக்கு ஆண் மகவு இல்லையே என்று தகப்பனார் மகள் செவிபடப் பெருமூச்சு விடுவார். அவள் வெளுத்து, விமானப் பணிப்பெண்ணாகி அவர் மனத்தைக் குளிர்விப்பாள்! அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கத்தார் விடாது போராடியமையால் 2003-இல் அது நிறுத்தப்பட்டது. பெண்மக்களோடு நின்றதோவெனில், இல்லை. 2005-இல் எமாமி கம்பெனியார் ஆண்மக்களுக்கென்றே 'ஃபேர் அண்ட் ஹாண்ட்ஸம்' என்ற பூச்சைக் கொணர்ந்தார்கள். மீசை அரும்பும் பையன்களும் கண்ணாடியின் முன் நின்று கவலைப்படத் தொடங்கினர்.

இவற்றிற்கு எதிர்ப்பும் எழாமலில்லை. 'கறுப்பே அழகு' என்னும் கருத்துடைய இயக்கமொன்று நமது சென்னையிலிருந்தே 2009-இல் புறப்பட்டது. கறுத்த நிறத்தாரை விவாகத்திற்கும் உத்தியோகத்திற்கும் தகாதவர்போலக் காட்டலாகாதென்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலார் 2014-இல் விதி செய்தனர். 2020-இல் அப்பழைய பூச்சின் பெயரே 'க்ளோ அண்ட் லவ்லி' என்றாயிற்று. அஃதாவது, குழாயின்மேல் ஒரு சொல் மாறிற்று. வாங்குவோர் மனத்திலிருந்து அச்சொல் அகன்றதா என்பதே கேள்வி.

நிற்க. நிறமாவது யாது? தோலில் மெலனின் என்னும் பொருளொன்று உண்டாகின்றது. வெயிலின் கொடுமையினின்று தோலைக் காக்கும் குடை அது. வெயில் மிகுந்த நாட்டிற் பல தலைமுறை வாழ்ந்தோர்க்கு அது மிகுந்திருத்தல் இயற்கை. அது குறையல்ல, பாதுகாப்பு. நல்ல பூச்சொன்று வெயிலால் ஏறிய கறுப்பைச் சிறிது தணிக்கலாம். பிறவி நிறத்தை நிலையாய் மாற்றவல்ல பூச்சு யாதுமில்லை. அவ்வாறு விரைவில் மாற்றுவதாய்ச் சொல்லிச் சந்தையில் உலவும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு என்னும் மருந்தோ பாதரசமோ கலந்திருக்கக் காண்கின்றனர். ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளிச்சென்று காட்டும். நாளடைவில் தோல் மெலிந்து சிவந்து, மயிர் முளைத்து, களிம்பை நிறுத்தினால் எரியும். எரிவு தாங்காமல் மீண்டும் தடவுவர். இதனாலேயே 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென்று அரசாங்கத்தார் 2018-இல் கட்டளையிட்டனர்.

பாதரசமோ தோலோடு நில்லாது. மலையாள தேசத்தில் மலப்புறம் ஜில்லாவில் 2021 முதல் 2023 வரை சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு கெட்டு வந்த நோயாளர் 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேர்க்கு அந்நோயின் அரிய வகை ஒன்று காணப்பட்டது. அப்பதினைவரில் 13 பேர் நிறமேற்றும் களிம்பு பூசி வந்தவர். முகத்திற் பூசியது சிறுநீரகத்தைப் போய்த் தாக்கியது! பெயரறியாத டப்பாக்களைக் கைத்தொலைபேசி வழியாய் வரவழைக்கும் வீட்டார் இதனைக் கவனிப்பார்களாக.

உடலைப்பற்றிய எண்ணம் படக்காட்சியால் எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்குப் பிஜித் தீவில் ஒரு சான்று உண்டு. அங்கே நட்ரோகா என்னும் பகுதிக்கு 1995-இல் டெலிவிஷன் வந்தது. அத்தீவின் பூர்வகுடிகள் பருத்த உடலையே அழகென்று கொண்டவர்கள். மூன்றே வருஷம் கழித்து, 1998-இல், ஆன் பெக்கர் என்னும் ஆராய்ச்சியாளர் பள்ளிச் சிறுமிகளை வினாவியபோது, உடல் இளைப்பதற்காக உண்டதை வலிய வாந்தியெடுப்போர் நூற்றுக்குப் பதினொருவர் இருந்தனர். 1995-இல் அத்தகையோர் ஒருவருமில்லை.

நம் நாட்டிலோ நிறத்தின்மேல் மோகம் டெலிவிஷனோடு வந்ததன்று. பிறந்த சிசுவைப் பார்க்கச் செல்வோர் காது மடலைத் திருப்பிப் பார்த்து, பிற்காலத்து நிறத்தைக் கணிக்கின்றனர். கர்ப்பிணிக்குப் பாலிற் குங்குமப்பூ இட்டுக் கொடுக்கின்றனர். பாலைக் கொடுக்கட்டும், நல்லதே. ஆனாற் குழந்தையின் நிறம் தாய் தந்தையர் வழியே வருவதன்றிப் பூவின் வழியே வருவதன்று. 'காப்பி குடித்தாற் கறுத்துப் போவாய்', 'வெயிலில் ஓடாதே' என்று தடுக்கின்றனர். பந்து விளையாட்டிற் கெட்டிக்காரியான பெண்ணொருத்தி பதினான்கு வயதில் மைதானத்தை விட்டு நீங்குவாளாயின், அவளை நீக்கியவர் யார்? 'கறுப்பானாலும் களையாயிருக்கிறாள்' என்று நாம் புகழும்போதுகூட, அந்த 'ஆனாலும்' அவள் செவியில் விழாமற் போவதில்லை. விளம்பரக்காரன் நம் வீட்டுப் பேச்சையே வாங்கி, மெருகிட்டு, நமக்கே விலைக்கு விற்கின்றான்.

நம் முன்னோர் இப்படி எண்ணினரோ? சங்கச் செய்யுட்களில் தலைவியின் அழகு மாமை எனப்படுகின்றது. மாந்தளிர் போன்ற நிறமென்று உரைகாரர் பொருள் கூறுவர். தலைவன் பிரிந்த துயரால் அம்மாமை கெட்டு மேனி வெளிறுதலைப் பசலை என்றனர். அன்று பிணியெனக் கருதி வருந்திய வெளிறலை இன்று காசு கொடுத்து வாங்குகின்றோம். கரிய மேனிக் கண்ணனைக் கையெடுத்துத் தொழுதபின் கரிய மருமகளை வேண்டாமென்பதும் நம் வழக்கமாயிருக்கின்றது.

இனி, நம் சங்கத்தைச் சார்ந்த ஒன்றைச் சொல்ல விரும்புகின்றோம். மணமக்கள் விவரம் கோரும் நமது படிவத்தில் வயது, படிப்பு, நட்சத்திரம் இவற்றிற்குப் பின் 'நிறம்' என்றொரு பத்தி இருக்கின்றது. அதனை ஏற்படுத்தினோர் தீய எண்ணத்தோடு செய்தாரல்லர். ஆயினும் அப்பத்தியை நிரப்பும்போது ஒரு வீட்டில் நிகழ்வதை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் எழுதுகோலைப் பிடித்துக்கொண்டு 'மாநிறம் என்று எழுதலாமா, சிவப்பு என்றே எழுதிவிடலாமா' என்று கேட்கின்றார்; அடுத்த அறையில் மகள் கேட்டுக்கொண்டிருக்கின்றாள். ஸ்டூடியோக்காரரோ படத்தைத் தாமே இரண்டு சாயல் வெளுப்பாக்கித் தருகின்றார். மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து பார்க்கும்பொழுது படத்திற்கும் பெண்ணிற்கும் உள்ள வேற்றுமைக்கு அவளே பொறுப்பாளியாகின்றாள்! விவாகப் பொருத்தம் தேடித் தரும் ஷாதி டாட் காம் என்னும் கம்பெனியாரே 2020-இல் மேனி நிறங்கொண்டு வரன் தேடும் வழியைத் தம் தளத்தினின்று எடுத்துவிட்டனர். லாபத்திற்கு நடத்தும் கம்பெனி செய்ததைச் சமூகத்தின் க்ஷேமத்திற்கென்றே ஏற்பட்ட சங்கம் செய்யலாகாதா?

'பத்தியை எடுத்தாலும் வரன் தேடுவோர் தொலைபேசியிற் கேட்பார்களே' என்று சில பெரியோர் சொல்லுகின்றனர். கேட்கட்டும். கேட்பவர் தம் வாயாற் கேட்கட்டும். அவர்க்காகச் சங்கம் அச்சிட்ட காகிதம் கேட்க வேண்டியதில்லை. நிற மாற்றுக் களிம்புகளின் விளம்பரங்களை நமது மாத வெளியீட்டில் ஏற்றுக்கொள்ளலாகாதென்பதும் எமது வேண்டுகோள். வருவாய் குறையுமென்று பொக்கிஷதாரரவர்கள் அஞ்சலாம். நம்மவர் நடத்தும் பாத்திரக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் ஊர்தோறும் இருக்கின்றன. அவர்களிடம் ஒரு பக்கம் கேட்டுப் பெறுதல் அரிதன்று.

இவ்விரண்டையும் தீர்மானமாக எழுதிக் காரியதரிசியவர்களிடம் கொடுத்திருக்கின்றோம். படிவம் அடுத்த முறை அச்சுக்குப் போகுமுன் நிர்வாக சபையார் அதனை எடுத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.