வில்லைப் பள்ளிக்குக் கொண்டு செல்வோம்



இன்று வில்வித்தையைப் பற்றிப் பேசுவோம். வில் என்றதும் இராமனும் அர்ச்சுனனும் நினைவுக்கு வருவார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இன்னொரு வில்லும் நினைவுக்கு வரும். மூங்கிலை வளைத்து, நூற்கயிறு கட்டி, பழைய குடைக்கம்பியை அம்பாக்கி நாமே செய்துகொண்ட வில் அது. ஒரு நாள் பால்மரக் காட்டில் நாம் எய்த கம்பி, தம்பியின் கன்னத்தைக் கீறிவிட்டுப் போயிற்று. ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் கண்ணே போயிருக்கும். அன்று மாலை அம்மா அந்த வில்லை முறித்து அடுப்பில் வைத்துவிட்டார். அம்மா செய்தது சரிதான். ஆனால், குறி பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்த அடுப்பில் எரிந்து போகவில்லை. அதை முறையாகக் கற்றுக்கொடுக்க அன்று ஆளில்லை, இடமுமில்லை. அவ்வளவுதான்.

மகாபாரதத்து ஏகலைவனுக்கும் இதே குறைதான். ஆர்வம் இருந்தது, ஆசான் கிடைக்கவில்லை. இன்றைய தோட்டத்துப் பிள்ளை ஏகலைவனைப் போல் தனியே நிற்க வேண்டியதில்லை. அதற்கு வழி என்ன? வில்வித்தைக் கழகமும் பள்ளிக்கூடமும் கைகோத்துக்கொள்வதே வழி.

பொதுவாகக் கழகங்கள் எப்படி நடக்கின்றன? பட்டணத்தில் பத்துப் பேர் சேருவார்கள். ஆளுக்கொரு வில் வாங்குவார்கள். ஞாயிறுதோறும் எய்வார்கள். சில ஆண்டுகளில் ஒருவருக்கு வேலை மாற்றம், ஒருவருக்குத் திருமணம். பத்து ஐந்தாகும், ஐந்து இரண்டாகும். புதிய பிள்ளைகள் வந்து சேராத கழகம் ஊற்றில்லாத கிணறு. பிள்ளைகள் இருக்குமிடமோ பள்ளிக்கூடம். கழகத்தைத் தேடிப் பிள்ளை வரட்டும் என்று காத்திராமல், பிள்ளையைத் தேடிக் கழகம் போக வேண்டும்.

இப்படிப் போனவர்கள் கண்ட பலனைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

இந்தியாவில் இராசத்தான் மாநிலத்துப் பழங்குடி மக்களிடையே, 1987ஆம் ஆண்டில் அரசாங்க விளையாட்டு அதிகாரிகள் வில்லாளிகளைத் தேடிச் சென்றார்கள். அப்படிக் கண்டெடுக்கப்பட்டவர்களில் ஒருவர் லிம்பா ராம். அடுத்த ஆண்டே, 1988இல், அவர் சியோல் ஒலிம்பிக் போட்டியில் நாட்டுக்காக நின்றார். பின்னர் 1992இல் பெய்ஜிங் நகரில் உலகச் சாதனையைச் சமன் செய்தார்.

இன்னொருவர் தீபிகா குமாரி. ராஞ்சி நகருக்கு அருகில் 1994இல் பிறந்தவர். தந்தை ஆட்டோ ஓட்டுநர், தாய் மருத்துவமனைத் தாதி. சிறு வயதில் கல்லெறிந்து மாங்காய் வீழ்த்திக் குறி பழகிய பெண். மூங்கில் வில்லும் செய்து எய்திருக்கிறார். நம் பிள்ளைகள் செய்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒன்றே ஒன்றுதான். அவருக்கு 2005இல் கர்சவான் என்னும் ஊரில் ஒரு பயிற்சிக்கூடம் கிடைத்தது. மறு ஆண்டு ஜாம்செட்பூரில் உள்ள டாட்டா வில்வித்தைக் கழகத்தில் இடம் கிடைத்தது. அங்கே கருவிகளும் சீருடையும் தந்து, மாதம் 500 ரூபாய் உதவித்தொகையும் கொடுத்தார்கள். 2010இல் டில்லி காமன்வெல்த் விளையாட்டில் அவர் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். 2012இல் உலகத் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தார். மாங்காய்க்கும் தங்கத்துக்கும் நடுவே நின்றது ஒரு பயிற்சிக்கூடம்.

தென்கொரியாவையும் பாருங்கள். ஒலிம்பிக்கில் மகளிர் குழுப் போட்டி 1988இல் தொடங்கியது. அன்று முதல் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை பத்து முறையும் தங்கம் அந்த நாட்டுக்கே. அங்கே தொடக்கப்பள்ளியிலேயே பிள்ளைகள் கையில் வில்லைக் கொடுத்து முறையாகப் பழக்குகிறார்கள். ஐந்தில் வளைக்கிறார்கள்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் 2002இல் வேறொரு வழியைக் கண்டது. உடற்கல்வி வேளையிலேயே வில்வித்தையைச் சேர்த்தார்கள். நான்காம் வகுப்பு முதல் கற்பிக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே வகை வில். பத்து முதல் இருபது இராத்தல் வரை இழுவிசையை மாற்றி அமைக்கலாம். கை நீளம் எப்படியிருந்தாலும் அந்த வில் பொருந்தும். ஆகவே ஒரு வில்லைப் பல பிள்ளைகள் மாறி மாறிப் பயன்படுத்தலாம். தூரம் பத்து மீட்டர், பிறகு பதினைந்து மீட்டர். இதற்குப் பெரிய மைதானம் வேண்டியதில்லை.

பாதுகாப்பைப் பற்றி அம்மாமார் கவலைப்படுவீர்கள். கவலைப்படத்தான் வேண்டும். அந்தப் பள்ளிகளில் எல்லாமே ஊதல் ஒலிக்குக் கட்டுப்பட்டவை. இரண்டு முறை ஊதினால் எய்யும் கோட்டுக்கு வரலாம். ஒரு முறை ஊதினால் எய்யலாம். மூன்று முறை ஊதினால்தான் நடந்து போய் அம்பைப் பிடுங்கலாம். ஐந்து முறை ஊதினால் ஆபத்து, அப்படியே நிறுத்த வேண்டும். ஒருவர் அம்பெடுக்கப் போகும்போது இன்னொருவர் வில்லைத் தொடுவதில்லை. நாம் குடைக்கம்பி எய்த நாளில் இந்த ஊதல் ஒன்று இருந்திருந்தால் தம்பிக்குக் காயம் பட்டிராது.

சரி, நம் மலாக்காவில் இதை எப்படிச் செய்வது? மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் என்று மூன்றே மாவட்டங்கள் கொண்ட சிறிய மாநிலம் நம்முடையது. புக்கிட் அசகான், கெமெண்டோர், செர்காம் போன்ற தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் நமக்கு உண்டு. மாணவர் தொகை குறைந்த பள்ளிகளும் உண்டு. தனித்தனியே ஒவ்வொரு பள்ளியும் வில் வாங்கக் கிளம்பினால் முடியாது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் மூன்று நான்கு சேர்ந்து, ஒரே கழகத்தோடு உடன்பாடு செய்துகொண்டால் முடியும். ஊர் கூடித்தானே தேர் இழுக்கிறோம்!

கழகம் தர வேண்டியவை மூன்று: பயிற்சி பெற்ற ஆசான், வில் அம்பு, அவற்றைப் பழுது பார்க்கும் கை. பள்ளி தர வேண்டியவையும் மூன்று: திடல், வாரத்தில் ஒரு மாலை, பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியர். அந்த ஆசிரியருக்கே கழகம் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். ஏனென்றால், ஆசான் வராத நாளிலும் பயிற்சி நின்றுவிடக் கூடாது. இலக்குப் பலகைக்குப் பின்னால் பாதையோ வீடோ இருக்கலாகாது. மண்மேடு இருந்தால் நல்லது. வில்லும் அம்பும் பூட்டிய அறையில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பழக்கமே வேண்டாம்.

பெற்றோரே, உங்கள் பங்கு என்ன? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தலைமையாசிரியரைத் தனியே போய்க் குறை கூறுவதைவிட, பத்துப் பெற்றோர் சேர்ந்து போய் “நாங்கள் வண்டி ஏற்பாடு செய்கிறோம், தேநீர் தருகிறோம், நீங்கள் திடலைத் தாருங்கள்” என்று சொன்னால் காரியம் நடக்கும். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். வில் ஆள் பலத்தை மட்டும் பார்ப்பதில்லை. நேரான முதுகு, அசையாத தோள், அடங்கிய மூச்சு, இவற்றைத்தான் பார்க்கிறது. ஒன்று தெரியுமா? இன்றைய ஒலிம்பிக் வில்லில் நாணை இழுப்பவை மூன்று விரல்களே. ஏகலைவன் இழந்த கட்டைவிரலுக்கு அங்கே வேலையில்லை!

இனி, மிக முக்கியமான ஒரு செய்தி. ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளை தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். புதிய இடம், புதிய மொழி, நண்பர்கள் சிதறிவிடுகிறார்கள். அங்கேதான் பல பிள்ளைகள் விளையாட்டையும் விடுகிறார்கள், சிலர் படிப்பையும் விடுகிறார்கள். ஆகவே கழகம் தமிழ்ப்பள்ளியோடு நின்றுவிடாமல், அந்தப் பிள்ளைகள் போய்ச் சேரும் இடைநிலைப்பள்ளியோடும் பேசி வைக்க வேண்டும். முதலாம் படிவத்தில் நுழையும் பிள்ளைக்கு, பழகிய ஆசானும் பழகிய வில்லும் அங்கேயும் காத்திருந்தால், அவனுக்கு அது ஓர் ஊன்றுகோல். கழகத்துக்கும் அதுதான் உயிர். ஆறு ஆண்டு கற்பித்த பிள்ளையை ஏழாம் ஆண்டில் இழப்பது, பாலைச் சேகரித்த பிறகு வாளியைக் கவிழ்ப்பது போல.

“இதனால் என்ன லாபம்?” என்று கேட்பீர்கள். எல்லாப் பிள்ளையும் தீபிகா ஆகிவிட முடியாது. அப்படி ஆசை காட்டுவது பொய். ஆனால் 2011 முதல் நம் நாட்டில் ஒரு மாணவர் ஒரு விளையாட்டு என்பது கல்விக் கொள்கையாயிற்று. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்குத் தகுதிப் புள்ளி கணக்கிடுகையில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. ஓரிரு புள்ளியில் இடம் தவறிப் போன பிள்ளையின் வீட்டாருக்குத்தான் அந்தப் பத்தின் அருமை தெரியும். பள்ளிப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று ஏறிய பிள்ளைக்கு அது கணக்கில் சேரும்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. அம்பு தவறினால் பிறர்மேல் பழி போட முடியாது. எங்கே பிழை என்று தன்னையே பார்த்துத் திருத்திக்கொண்டு அடுத்த அம்பை எடுக்க வேண்டும். இதைப் பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை வாழ்க்கையில் எளிதில் தடுமாற மாட்டான்.

நேயர்களே, அன்று அம்மா நம் வில்லை அடுப்பில் வைத்தார். இன்று நாம் நம் பிள்ளையின் வில்லைப் பள்ளித் திடலில் வைப்போம். வரும் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள்.