திருகோணமலையில் இன்னும் ஒரு நாள்



திருகோணமலைக்குப் போய் வந்தோரிடம் அங்கே எவற்றைக் கண்டீர்கள் என்று வினவினால், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை என மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். விடியற்காலையில் வந்திறங்கி, பொழுது சாயுமுன் திரும்புவோருக்கு வேறெதற்கு நேரம் உண்டு? இன்னும் ஒரு நாள் அந்நகரிலே தங்குங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்வதே என் நோக்கம்.

கோயிலுக்குச் செல்லும் பாதை பிரெடெரிக் கோட்டையின் வாயிலூடாகவே செல்கின்றது. அருச்சனைத் தட்டேந்திய அடியார்கள் பலர் அவ்வாயிலை விரைந்து கடந்துவிடுகின்றனர். சற்றே நின்று அதன் கல்லை நோக்குங்கள். கயல் மீன்களின் உருவமும், சிதைந்த தமிழ்ச் சாசனம் ஒன்றும் தெரியும். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் குலைப்பர் என்று அச்சாசனம் கூறுவதாக உரைப்பர். திருஞானசம்பந்தர் பாடிய அத்தலத்தை 1620களில் போர்த்துக்கேயர் இடித்தனர். இடித்த கற்களைக் கோட்டை கட்டவும் பயன்படுத்தினர். ஆகவே, கோயிலைக் காணச் செல்பவர் மலையுச்சியை அடையுமுன்னரே பழைய கோயிலின் கல்லருகே நடந்துவிடுகின்றார். அதனை அறிந்து நடப்பவரோ சிலர்.

கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. பிள்ளைகளுக்குக் கோயிலைக் காட்டிலும் மான்களே பெரிய காட்சி. அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். தின்பண்டம் சுற்றிய பைகளை மட்டும் அவ்விடத்திலே எறிந்துவிடாதீர்கள். மான்கள் அவற்றையும் தின்றுவிடும்.

மலையுச்சியிலே இப்போதுள்ள கோயில் 1963ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்டது. அதற்கு முன்னர், 1950இல், நகரிலே கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டன. இடிப்போர் வருமுன் யாரோ அவற்றைப் புதைத்துக் காத்திருக்க வேண்டும். 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலிலே மூழ்கி, பழைய கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டனர். இராவணன் வெட்டின் விளிம்பிலே நின்று கீழே பொங்கும் நீரைப் பார்க்கும்போது இச்செய்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கன்னியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றின் சூடும் வெவ்வேறு. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக அவற்றைத் தோற்றுவித்தான் என்பது ஐதிகம். நீந்துவதற்கு இடமில்லை, வாளியால் மொண்டுதான் குளிக்க வேண்டும்.

கன்னியா வரை சென்றவர்கள் பெரும்பாலும் செல்லாத இடம் ஒன்று பெரியகுளத்துக்கு அண்மையிலே இருக்கின்றது. வெல்கம் விகாரை என்பது அதன் பெயர். சோழர் ஆட்சியிலே அது இராசராசப் பெரும்பள்ளி என வழங்கிற்று. அங்கே கிடைத்த தமிழ்ச் சாசனங்கள், புத்த பெருமானின் சந்நிதியிலே விளக்கெரிப்பதற்குப் பசுக்களும் பிற பொருள்களும் ஈந்தோரைப் பற்றிக் கூறுகின்றன. தமிழ் பேசிய மக்கள் பௌத்தப் பள்ளியைப் பேணிய காலமும் இந்நாட்டில் இருந்தது. தமிழ் என்றால் சைவம், விகாரை என்றால் சிங்களம் என்று எளிதாகக் கோடு கிழிப்போர், ஒரு பிற்பகலை அந்தச் செங்கற் சிதைவுகளிடையே கழிப்பது நன்று. நமது பிள்ளைகளை அழைத்துச் செல்வது இன்னும் நன்று.

மறுநாட் காலை நிலாவெளிக்குச் செல்லலாம். வழியிலே, இரண்டாம் உலகப் போரில் மாண்டோரின் மயானம் ஒன்று இருக்கின்றது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசின.

நிலாவெளிக் கரையிலிருந்து படகிலே புறாத்தீவை அடையலாம். 2003 முதல் அது தேசியப் பூங்கா. வைகாசி முதல் ஆவணி வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்; வாடைக் காலத்திலே அலை மிகும். நீருக்குள்ளே தெரியும் பவளம் கல்லன்று, உயிருள்ளது. நீந்துவோர் அதன்மேற் கால் ஊன்றாமல், ஆழமான பக்கத்தால் இறங்குவது முறை. எப்பக்கம் என்பதைப் படகோட்டியிடம் புறப்படுமுன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.