திரியாய்க் கரையின் கருமணல்



திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் வீதியிலே உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்னும் ஊர்களைக் கடந்து சென்றால் திரியாய் வரும். வயலும் குளமும் காடும் சூழ்ந்த பழைய ஊர். ஊருக்கு அணித்தேயுள்ள குன்றிலே பழைய பௌத்தப் பள்ளியொன்றின் இடிபாடுகளும், பாறையிலே பொறித்த வடமொழிக் கல்வெட்டொன்றும் உள. அக்கல்வெட்டின் எழுத்துப் பல்லவர் காலத்துக் கிரந்தத்தை ஒத்தது. கடலோடுதலிலும் வாணிகத்திலும் வல்ல வணிகக் கூட்டத்தார் அப்பள்ளியை எழுப்பினர் என்பது அதன் செய்தி. ஆகவே, இக்கரைக்கு அயல்நாட்டுக் கலங்கள் வருவதும் பண்டம் ஏற்றிச் செல்வதும் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அவ்வழக்கத்தின் புதிய பகுதியொன்றைப் பற்றியே இன்று பேசக் கருதுகின்றேன். ஏற்றப்படும் பண்டம் மணல்.

திரியாயைத் தாண்டிப் புல்மோட்டையை அடைந்தால் கடற்கரையின் நிறம் மாறிவிடும். வெண்மணற் பரப்பின்மீது மைபூசினாற்போலக் கரிய மணல் பட்டை பட்டையாகக் கிடக்கும். ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் சாதாரண மணலினும் கனமாயிருக்கும். வலிய காந்தமொன்றை அருகே கொண்டு சென்றால் அதிற் பெரும்பகுதி ஒட்டிக்கொள்ளும். உள்நாட்டு மலைகளின் பழைய பாறைகள் யுகயுகமாகத் தேய்ந்து, ஆறுகளாற் கடலை அடைந்து, அலையாற் கொழிக்கப்பட்டு, இலேசான மணல் அகல, கனத்தது கரையிலே தங்கியது. நெல்லைச் சுளகிலே புடைப்பதுபோன்ற தொழிலைத்தான் கடல் செய்கின்றது. வாடைக்காற்றுக் காலத்தில் அத்தொழில் மும்முரமாக நடக்கும். அள்ளிய இடத்தில் ஓரளவுக்குப் புதிய மணல் வந்து சேர்வதும் உண்டு.

இம்மணலிற் பத்தில் ஏறக்குறைய ஏழு பங்கு இல்மனைற்று. இரும்பும் தைத்தேனியமும் உயிர்வளியோடு கூடிய கனிமம் அது. எஞ்சியதில் ரூற்றைலும் சிர்க்கனும் குறிப்பிடத்தக்க அளவிலும், தோரியம் அடங்கிய மொனசைற்று மிகச் சிறிய அளவிலும் உள. இவற்றைப் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்வதற்கென 1957-ஆம் ஆண்டிலே இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1992-இல் அது அரசுக்குரிய கம்பனியாக மாற்றப்பட்டது. பிரிக்கும் முறை எளிது, அழகியது. நீரோட்டத்தாற் கனத்த மணல் பிரியும். காந்தத்தால் இல்மனைற்றுப் பிரியும். மின்னேற்றத்தால் ரூற்றைலும் சிர்க்கனும் வேறாகும். இத்தனையும் செய்த பின் சாக்கிலோ குவியலிலோ கப்பலேற்றிவிடுகிறோம். நம் கைவேலை அந்த அளவோடு முடிகிறது.

கப்பலேறிய மணல் என்னவாகின்றது? உலகிலே தோண்டப்படும் தைத்தேனியக் கனிமங்களில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளைச் சாயமாகின்றது. சுவரிற் பூசும் வர்ணம், காகிதம், பற்பசை ஆகியவற்றின் வெண்மை பெரும்பாலும் இதனால் வருவதே. மிகுந்த சிறு பங்கே உலோகமாகின்றது. ஆயினும் அச்சிறு பங்கின்மேல்தான் வல்லரசுகள் கண்வைத்தன. உருக்கின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதமே உடையது. வலிமையில் நல்ல உருக்குக்கு ஈடாகும். கடல் உப்பு அதனைத் தின்னாது. 1,668 பாகை செல்சியசு வெப்பத்திற்குக் குறைந்து உருகாது. தாரை விமானத்தின் பொறிக்கும் ஏவுகணைக்கும் நீர்மூழ்கியின் உடலுக்கும் இத்தகைய உலோகம் எத்துணை அரியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அமெரிக்கர் 1960களிற் கட்டிய, ஒலியினும் மும்மடங்கு விரைந்த உளவு விமானத்தின் உடல் பெரும்பாலும் தைத்தேனியமே. அதற்கு வேண்டிய மூலப்பொருளிற் பெரும்பகுதியை, யாருக்கென்று தெரியாவண்ணம் இடைநிலை நிறுவனங்கள் வாயிலாக, சோவியத்து நாட்டிலிருந்தே வாங்கினர்! உளவு பார்க்கப்படும் நாடே உளவு விமானத்துக்கு உலோகம் ஈந்த கதை வேறெங்கும் கேட்டறியாதது. சோவியத்தாரோ தம் விரைவுமிக்க நீர்மூழ்கிகளுக்கு அதே உலோகத்தால் உடல் சமைத்தனர்.

ஆனால் மணலிலிருந்து உலோகத்துக்குச் செல்லும் வழி நீண்டது. 1791-இல் வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஓர் ஓடையின் கருமணலை ஆராய்ந்து, புதிய பொருளொன்று அதிலுண்டு எனக் கண்டார். புல்மோட்டை மணலை ஒத்த மணலே அது. அதிலிருந்து தூய உலோகத்தைப் பிரிக்க நூற்றிருபது ஆண்டுகள் சென்றன. 1910-இல் அமெரிக்காவிலே மத்தேயு ஹன்ரர் என்பார் ஒரு தொழிற்கல்லூரி ஆய்வுகூடத்தில், மின்விளக்கு நிறுவனமொன்றின் துணையோடு, சோடியத்தைக் கொண்டு அதனைப் பிரித்தார். எனினும் அம்முறை அப்போது தொழிற்சாலைக்கு ஏறவில்லை. பின்னர் லக்சம்பர்க்கு நாட்டு வில்லியம் குரோல் மக்னீசியத்தாற் செய்யும் முறையை வகுத்து, 1938-இல் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்க நிறுவனங்களை நாடிச் சென்றார். ஒருவரும் ஏற்கவில்லை. விலை மிகும், யார் வாங்குவர் என்பதே அவர்தம் கேள்வி. அந்நாட்டு அரசின் சுரங்கத் திணைக்களம் அம்முறையைக் கையிலெடுத்து, சிறிய உலைகளிற் பலமுறை செய்து பார்த்து, தடைகளை ஒவ்வொன்றாக நீக்கியது. அதன் பின்னரே 1948-இல் தூப்பொன்று நிறுவனம் வணிக அளவில் உற்பத்தி தொடங்கிற்று. வாங்கியது யார்? விமானப்படை. அறிஞன் கண்டான், அரசின் ஆய்வுகூடம் பழக்கியது, தொழிற்சாலை பெருக்கியது, படை வாங்கியது. இந்நால்வரில் ஒருவர் விலகியிருந்தாலும் அவ்வுலோகம் கண்ணாடிக் குப்பியிலேயே இருந்திருக்கும்.

நேயர்களே, இக்கதை தொலைநாட்டோடு நின்றுவிடவில்லை. நம் கரையின் மணலைப் போன்ற மணல் கேரளத்துக் கொல்லத்துக்கு அருகிலுள்ள சவறைக் கரையிலும், தமிழகத்தில் மணவாளக்குறிச்சியிலும் கிடக்கின்றது. 1909-இல் செர்மானிய வேதியியலார் ஒருவர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு ஐயுற்றே அவ்வளத்தை வெளிப்படுத்தினார். கயிறு வாங்கியவன் மணலைக் கண்டான். கயிறு திரித்தவன் காணவில்லை! பின்னர்ச் சவறையிலே கேரள அரசின் கனிம உலோக நிறுவனம் வெண்சாயம் செய்து வந்தது. உலோகம் செய்ய அதற்கு வழி தெரியாது. வழியறிந்தது ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக் கூடம். அங்கே குரோல் முறையைச் சிறிய அளவிற் செய்து, அளவைப் படிப்படியாகப் பெருக்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருந்தனர். பணமும் தேவையும் விண்வெளித் துறையிடம் இருந்தன. விக்கிரம் சாராபாய் விண்வெளி நிலையம் செலவைத் தாங்க, ஆராய்ச்சிக் கூடம் நுட்பத்தை வழங்க, சவறை நிறுவனம் இடமும் மூலப்பொருளும் ஆளும் தர, ஆண்டுக்கு 500 தொன் தைத்தேனியக் கடற்பஞ்சு செய்யும் ஆலை 2011-இல் திறக்கப்பட்டது. அத்தொழிலை வணிக அளவிற் கைக்கொண்ட ஏழாவது நாடாயிற்று இந்தியா.

கடற்பஞ்சு என்றேன். உலையிலிருந்து வெளிப்படும் உலோகம் துளைதுளையாய்க் கடற்பஞ்சைப் போலிருத்தலின் அப்பெயர். செய்முறையைச் சுருங்கச் சொல்வேன். இல்மனைற்றிலுள்ள இரும்பை முதலில் நீக்கவேண்டும். எஞ்சியதைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கிக் குளோரினைச் செலுத்தினால், காற்றுப் பட்டவுடன் புகையும் திரவமொன்று பிறக்கும். அதனைத் தூய்மையாக்கி, மூடிய உருக்குக் கலத்தில், உருகிய மக்னீசியத்தின்மேற் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். குளோரினை மக்னீசியம் பற்றிக்கொள்ள, தைத்தேனியம் தனிப்படும். கலத்தினுள்ளே காற்றின் சுவடும் இருத்தலாகாது. ஆகன் வாயு நிறைந்திருக்கும். சூடான தைத்தேனியம் உயிர்வளியையும் நைதரசனையும் ஆவலோடு விழுங்கி உடையும் இயல்புடையதாகிவிடும். ஒரு பொருத்து இளகிக் காற்றுப் புகுந்தால் ஓர் உலையின் உலோகம் முழுவதும் வீண். நூலிலே இவையெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். எந்தப் பொருத்து இளகும், எந்தக் குழாய் அடைபடும், ஆறுவதற்கு எத்தனை நாழிகை விடவேண்டும் என்பவை நூலில் இல்லை. அவை உலையருகே நின்ற தொழிலாளியிடமும் ஆய்வாளனிடமும் உள. விலை கொடுத்து வாங்கவியலாத பகுதி அதுவே. பாதுகாப்பு சார்ந்த நுட்பத்தை எந்நாடும் எளிதில் விற்பதில்லை. விற்றாலும் இப்பகுதியை விற்பதில்லை.

ஆராய்ச்சியும் தொழிலும் கூடினால் என்ன விளையும் என்பதைத் திருகோணமலையே ஒருமுறை கண்டது. 1935 பெப்ருவரியில் இங்கிலாந்தில் இராபட்டு வாட்சன் வாட்டு வானொலி அலையால் விமானத்தைக் கண்டறியலாம் என வயல்வெளியொன்றிலே காட்டினார். நான்கு ஆண்டுகளில், மின்பொறி நிறுவனங்கள் கருவி செய்துதர, ராடார் நிலையங்கள் அந்நாட்டுக் கரையோரம் பலவிடங்களில் எழுந்தன. 1942 ஏப்பிரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது இங்கிருந்த ராடார் நெடுந்தொலைவிலேயே அவற்றைக் கண்டது. எதிர்க்கும் விமானங்கள் முன்னரே எழுந்தன. நான்கு நாட்களுக்கு முன்பு கொழும்பிலும் ராடார் இருந்தது. ஆயினும் எச்சரிக்கை உரிய காலத்தில் வரவில்லை. கருவி இருத்தல் வேறு, கருவியோடு பழகிய கையிருத்தல் வேறு.

இனி, சொல்லாமல் விடலாகாத ஒன்றுண்டு. பாதுகாப்பு என்னும் சொல் இக்கரையோரத்து மக்களுக்கு இனிய சொல்லன்று. திரியாய் மக்கள் 1980களின் நடுவிலும் 1990-இலும் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். மீளப் பல்லாண்டு சென்றது. 1997 செப்தெம்பரிலே புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைற்று ஏற்றிக்கொண்டிருந்த கோடியாலிற்றி என்னும் கப்பல் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டு, மாலுமிகள் சிலர் உயிரிழந்தனர். அதன்பின் தொழிலும் முடங்கிற்று. எவருடைய பாதுகாப்பு, எதற்கெதிரான பாதுகாப்பு என்று இங்குள்ளவர் கேட்டால் அக்கேள்வி நியாயமானதே. உலோகம் தன்னளவில் எப்பக்கமும் சார்வதில்லை. முறிந்த இடுப்பெலும்புக்குப் பொருத்தும் மூட்டும், கடல்நீரை நன்னீராக்கும் ஆலையின் குழாயும் இதே தைத்தேனியம்தான். எனினும் தொழிலைத் தொடங்கும் பணம் பலவிடங்களிற் படைத்துறையிலிருந்தே வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இலங்கையில் இத்துறையில் ஒன்றுமே இல்லை என்பதும் பொருந்தாது. 2006-இல் பாதுகாப்பு அமைச்சின்கீழ் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையமொன்று அமைக்கப்பட்டது. 2008-இல் அரசும் தனியார் நிறுவனங்கள் சிலவும் பங்குகொண்டு நனோ தொழினுட்ப நிறுவனத்தை நிறுவின. அது ஓமாகமையில் இயங்குகின்றது. புல்மோட்டை இல்மனைற்றிலிருந்து தைத்தேனிய ஒட்சைட்டைப் பெறும் வழிகளை அங்குள்ள அறிஞர் ஆராய்ந்துள்ளனர். ஆனால் மணல் புல்மோட்டையில், ஆய்வுகூடம் கொழும்புக்கருகில், வாங்குபவர் கடலுக்கப்பால். சவறையில் மூவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தனர். இங்கே மூவரும் ஒருவரையொருவர் அறியார்.

அப்படியானால் புல்மோட்டையிலும் உலோக ஆலை வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். உடனே வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். ஒரு தொன் உலோகத்துக்கு மூன்று தொன்னுக்கு மேற்பட்ட இல்மனைற்று வேண்டும். மணல் நம்மிடம் உண்டு. ஆனால் மக்னீசியமும் குளோரினும் மின்சாரத்தைப் பெருந்தீனியாக உண்பவை. நம் நாட்டில் விமானம் கட்டுவாரில்லை. உலகச் சந்தையிலோ சீனமும் யப்பானும் பேரளவிற் செய்கின்றன. சவறையின் 500 தொன்னே அச்சந்தையில் மிகச் சிறிது. உள்நாட்டு விண்வெளித் துறை வாங்குவதாலேயே அது பொருளுடையதாகின்றது. மேலும், சவறைக்கு அருகே பன்மனைப் பகுதியில் ஆலையின் அமிலக்கழிவாற் கிணறும் வயலும் கெட்டன என்னும் முறையீடு நெடுங்காலமாக உண்டு. புல்மோட்டையிலும் திரியாயிலும் குடிநீர் நிலத்தடியிலிருந்தே வருகின்றது. கரைவலை இழுப்போரின் வாடிகள் மணல் அள்ளும் இடத்துக்கு அருகிலேயே உள. அவர்கள் இருக்கையற்ற மேசையில் எடுக்கும் முடிவு எத்துணை அறிவியல் சார்ந்ததாயினும் அரைகுறையானதே.

இடைப்படியொன்றைத் தொடங்கலாம். இல்மனைற்றிலிருந்து இரும்பை நீக்கிச் செயற்கை ரூற்றைலாக்குவது முதற்படி. அதற்குக் குளோரின் உலை வேண்டுவதில்லை. விலையோ மணலினும் பன்மடங்கு. அமிலத்தை மீட்டெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறையோடு, நாளொன்றுக்குச் சில நூறு கிலோவை மட்டும் செய்யும் சிறிய ஆலையொன்று அமைத்தாற் போதும். வருவாய் வாராது, பழகிய கைகள் வரும். சிர்க்கனும் அவ்வாறே. வார்ப்புச்சாலைகளும் மட்பாண்டத் தொழிலும் அதனை அரைத்த மாவாக விரும்புகின்றன. அரைவைக்கு அரிய நுட்பம் ஒன்றுமில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளியில் கோணேசபுரியிலே, இதே புல்மோட்டை வீதியின்மேல் இருக்கின்றது. பிரயோக விஞ்ஞான பீடமும் அங்குண்டு. மணல் ஏற்றிய லொறிகள் அதன் வாயிலைக் கடந்தே துறைமுகம் செல்லலாம். அவ்வாயிலில் மாதமொரு சாக்கு மணலை இறக்கி, பருவந்தோறும் அதன் கலவை எவ்வாறு மாறுகின்றது, வாடைக்குப் பின் கரை எத்தனை அடி திரும்பி வருகின்றது, கிணற்றுநீர் எவ்வாறுள்ளது என்று திரியாய், புல்மோட்டை மாணவரைக் கொண்டே அளந்து பதியச் செய்வதற்குப் பெரும்பணம் வேண்டா. கம்பனியின் அனுமதிக் கடிதமும், பல்கலைக்கழகத்திலே ஒரு மேசையும், காந்தமொன்றும், தராசொன்றும் போதும்.